அணைக்காமல் விட்ட மைக்

சபையின் கலைக்குழுவைத் தையற்கடைக்காரிதான் நடத்திவந்தாள். பாட்டு, நாடகம், மேடைத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. "நம்ம குழு எதை உயிரா நினைக்குதுன்னு நீங்களே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க" என்று போதகர் சொல்லியிருந்தார். அதற்காக ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தின் பின்னறையில் கூடினார்கள். பலகையில் அன்பு, தாழ்மை, உண்மை என்று எழுதியதோடு பேச்சு திசை மாறியது.

"முதல்ல நம்ம குழுவுல இருக்கிற நர்ஸைத் தனியாப் பாட விடுறதை நிறுத்துங்கக்கா," என்றான் கீபோர்டு வாசிப்பவன். "நான் ஒரு சுருதியில வாசிச்சா, அவங்க பக்கத்து வீட்டுல பாடுறாங்க."

தையற்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவகிட்ட யாருப்பா சொல்றது? ஆயுசு முழுக்கக் காதைப் பொத்திக்க வேண்டியதுதான்."

ஒலிபெருக்கியைக் கவனிக்கும் எலக்ட்ரீஷியன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, மேஜை மேல இருக்கிற மைக்கை அணைங்க! நீங்க பேசுறது அத்தனையும் ஹால்ல கேக்குது!"

ஹாலில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடித்துக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்திருந்த அந்த நர்ஸ். இவர்கள் வெளியே வருவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனைக்கும் அவள் வரவில்லை. திங்கட்கிழமை கடையில் தையற்காரிக்கு வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி மாற்றித் தைத்தாள். கடையைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வாசலில் நின்றாள்.

"மன்னிச்சிரும்மா. ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறலைக்கா. மைக்தான் தவறிடுச்சு." நர்ஸின் குரல் உடைந்தது. "சுருதி சேரலையோன்னு எனக்கே சந்தேகம்தான். வாராவாரம் 'அருமையாப் பாடினே'ன்னு சொன்னது நீங்கதானே? அதை நம்பித்தானே அத்தனை பேர் முன்னாடி நின்னேன்."

தையற்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்யணும், சொல்லு" என்றாள்.

"சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரா சொல்லுங்க. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்."

அடுத்த கூட்டத்தில் தையற்காரி நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, எல்லார் முன்னாலும் மறுபடி மன்னிப்புக் கேட்டாள். ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடிவானது. நர்ஸ் உடனே கை தூக்கினாள்.

"அப்ப நானே ஆரம்பிக்கிறேன். அக்கா, உங்க நாடகம் ரொம்ப நீளம். போன தடவை போதகரே கண்ணசந்துட்டார்."

தையற்காரியின் முகம் சுண்டிப்போனது. கீபோர்டுக்காரன் குபீரென்று சிரித்தான். "நீங்க ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கீங்களா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டதும் அவன் சிரிப்பும் நின்றது. கோபித்துக்கொண்டு போனவன் இரண்டு வாரம் எட்டிப்பார்க்கவில்லை. பிறகு தானாகவே வந்தான், சீக்கிரமாகவே.

நர்ஸ் தனிப்பாட்டை விட்டுவிட்டுக் குழுவோடு நின்று பாடினாள். பயிற்சிக்கு முன்னால் கீபோர்டுக்காரன் அவளுக்காக மெதுவாக வாசித்துக் காட்டுவான்.

"இந்த இடத்துல மேல போயிடுறீங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். "சரி, திரும்ப வாசிங்க."

தையற்காரி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் நாடகத்தைப் பக்கம் பக்கமாக அடித்துக் குறைத்துக்கொண்டிருப்பாள்.