முப்பத்தோரு பேர் அதிகம்

அந்தப் பெட்டியைச் செய்து முடிக்க ஜம்புலிங்கத்துக்குப் பதினொரு மாதம் பிடித்தது. போர்ட் பிளேர் பஸ் டிப்போவில் ஏழு வருஷமாகத் தினக்கூலி மஸ்தூராக இருக்கிறவனுக்கு வேறு எப்படி முடியும்? டயர் கழற்றியது போக, கிரீஸ் அடித்தது போக, மிச்சமிருக்கிற நேரம்தான் அவனுடையது. கழித்துப்போட்ட ஜீப்பின் மைல் மீட்டரிலிருந்து எண்சக்கரங்களை எடுத்தான். சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங் இரண்டும் ஒரு பிஸ்கட் டின்னும் சேர்ந்தன. பஸ்ஸின் பின்படியில் ஒரு பலகையைப் பொருத்தி, அதை மிதித்து ஏறினால் டின்னுக்குள் ஒரு எண் நகரும்படி செய்தான். ஒரே ஆள் இரண்டு காலை வைத்தாலும் ஒன்றுதான் நகரும். ஆடு ஏறினால் நகராது. அந்த ஆட்டு விவகாரத்துக்கு மட்டும் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை. டிப்போவில் அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் அந்தப் பெட்டிக்கும் ஒரு காலம் வந்தது. சிப்பிகாட் கிராமத்திலிருந்து டவுனுக்கு வருகிற ஒரே பஸ் பிதுங்கி வழிகிறது, இன்னொன்று வேண்டும் என்று ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். ஒரு நடைக்கு அறுபது பேருக்கு மேல் ஏறுவதாகத் தெரிந்தால் இன்னொரு பஸ் விடுவோம் என்றது ஆபீஸ். டிக்கெட் புத்தகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அங்கே பாதிப் பேர் டிக்கெட் எடுக்காதவர்கள்; சர்க்கார் விவசாயப் பண்ணையின் பாஸ் வைத்திருக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்து நாலே மாதமான எஞ்சினியர் ராஜமாணிக்கம் ஜம்புலிங்கத்தின் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டார். வந்து குனிந்து பார்த்தார், தானே பலகையில் ஏறி இறங்கினார், சிரித்தார். மூன்று நாள் காலை பஸ்ஸில் சோதனை என்றார். பெட்டியும் எண்ணும், பக்கத்திலேயே ஒரு ஆளும் எண்ணட்டும். வித்தியாசம் மூன்றுக்குள் இருந்தால் எல்லா பஸ்ஸிலும் பெட்டி, ஜம்புலிங்கத்துக்கு நிரந்தர வேலை.

எண்ணுவதற்கு வந்தவள் மரகதம். ரோட்டு வேலையில் கல் சுமக்கிற மஸ்தூர். மன்னார்குடியில் எட்டாவது வரை படித்தவள். சிப்பிகாட்டிலேயே குடியிருப்பதால் முதல் பஸ்ஸுக்கு அவளைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஏறுகிறவர்களை மட்டும் எழுதச் சொன்னார்கள்.

முதல் நாள் பெட்டி எழுபத்தொன்பது காட்டியது. மரகதத்தின் நோட்டில் ஐம்பத்தொன்று. இரண்டாம் நாள் பெட்டியில் எண்பத்தாறு, நோட்டில் ஐம்பத்துமூன்று. ஜம்புலிங்கத்துக்குத் தலை சுற்றியது. பெட்டியைக் கழற்றினான், துடைத்தான், திரும்ப மாட்டினான், பலகையில் நூறு தடவை ஏறி இறங்கினான். பெட்டி நூறு என்றது. அப்புறம் யார் மேல் தப்பு? டிப்போ வாசலில் நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எண்ணுகிறாய் என்று அவளைக் கேட்டுவிட்டான். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. ஏறினவர்களைத்தான் எழுதினேன் என்று மட்டும் சொன்னாள்.

கண்டக்டர் பக்கிரிசாமிக்கு யாரும் சண்டை போட்டால் பிடிக்காது. அவர் மரகதத்தைத் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார்.

"மெஷின் காட்டுற கின்தியையே, அந்த எண்ணையே எழுதிடும்மா. எஞ்சினியர் சாப்பும் குஷி, உங்க ஊருக்கும் இன்னொரு பஸ். யாருக்கு என்ன நஷ்டம்?"

ஜம்புலிங்கம் ஜாக்கியில் தூக்கி நிறுத்திய பஸ்ஸுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது.

"எனக்கும் பஸ் வேணும்தாண்ணே, தினமும் தொங்கிக்கிட்டுதான் வர்றேன்" என்றாள் மரகதம். "அதுக்காக இல்லாத ஆளை எப்படி எழுதுறது?"

மூன்றாம் நாள் காலை, காலி பஸ்ஸிலேயே ஜம்புலிங்கமும் சிப்பிகாட்டுக்குப் போனான். இந்தப் பெண் எங்கே கோட்டை விடுகிறாள் என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு. ஏழு வருஷம் பஸ்ஸோடு கிடந்தவன், அந்தத் தடத்தில் ஒருநாள்கூட ஏறிப் போனதில்லை. அவனுக்குத் தெரிந்த பஸ்ஸெல்லாம் டிப்போவுக்குள் நிற்கிற பஸ்தான்.

சிப்பிகாட்டில் பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, பின்படிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான். ஆட்கள் ஏறினார்கள். கீரைக்கட்டு, வாழைக்குலை, இரண்டு ஆடு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவன் பெட்டியைப் பார்த்தான், மரகதத்தின் நோட்டைப் பார்த்தான். இரண்டும் பிசகாமல் ஒத்துப்போயின. வழியில் ஒரு பெரிய மேடு. அதன் அடிக்கு வரும்போது பெட்டியிலும் நாற்பத்துமூன்று, நோட்டிலும் நாற்பத்துமூன்று. அவனுக்கு ஆனந்தமாக இருந்தது.

மேட்டடியில் எஞ்சின் முனகியது. டிரைவர் நிறுத்தினார். இறங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. வீடு பெருக்கும்போது காலைத் தூக்கிக்கொள்வதுபோல ஆட்கள் தாங்களாகவே எழுந்து இறங்கினார்கள். மரகதமும் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு இறங்கினாள். பாரம் குறைந்த பஸ் திக்கித் திணறி மேட்டில் ஏறி நின்றது. பின்னாலேயே பேசிக்கொண்டு நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பவும் ஏறினார்கள். பெட்டி டக், டக் என்று விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. கடைசி ஆள் ஏறியபோது அதில் எழுபத்துநாலு.

இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று மரகதத்தைக் கேட்டான். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"மேட்டுல நடக்குறது எப்பவும் உள்ளதுதானேண்ணே. அதை யாராவது ஏறுற கணக்குல சேப்பாங்களா?"

மிச்ச வழியில் ஒன்பது பேர் ஏறினார்கள். பெட்டியில் எண்பத்துமூன்று, நோட்டில் ஐம்பத்திரண்டு. ஜம்புலிங்கம் சும்மா இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்துவிடும். வித்தியாசம் மூன்றுக்கு மேல் போனாலும் எஞ்சினியர் பெட்டியைத்தான் நம்புவார். நிரந்தர வேலை வரும், சிப்பிகாட்டுக்கு பஸ் வரும். இந்தப் பெண்ணுக்குத்தான் எண்ணத் தெரியாதவள் என்ற பெயர் நிற்கும். அவளுக்கும் இன்னொரு பஸ் வேண்டும். ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். மாற்றவில்லை. அவளை நேற்று நாலு பேர் நடுவில் குருடி என்று சொல்லாத குறையாகப் பேசியவன் அவன்தான். அதை நினைக்க நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

டிப்போவில் எஞ்சினியர் காத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். மனுஷிக்குக் கண் அசரும், வேடிக்கை பார்க்கத் தோன்றும். மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது என்று சொல்லிக்கொண்டே மரகதத்தின் பக்கத்தை அடிக்கச் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"சார், அடிக்காதீங்க" என்றான் ஜம்புலிங்கம். "பெட்டிதான் தப்பு. மேட்டுல இறங்கி நடந்தவங்களை அது ரெண்டு தடவை எண்ணிடுச்சு."

எஞ்சினியர் பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு மரகதத்தைப் பார்த்து, எத்தனை பேர் நடந்தார்கள் என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு சார், என்னையும் சேத்து. உள்ள உக்காந்திருந்தது பன்னெண்டு பேர். வயசானவங்க நாலு, கைக்குழந்தைக்காரங்க ரெண்டு, மாசமா இருக்கிற பெங்காலிப் பொண்ணு ஒண்ணு, கால்ல கட்டுப் போட்ட பண்ணைக்காரர் ஒருத்தர், பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டிருந்த பிள்ளைங்க நாலு."

நோட்டில் இது ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. எஞ்சினியர் எண்பத்துமூன்றிலிருந்து ஐம்பத்திரண்டைக் கழித்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. தினமுமா நடக்கிறீர்கள் என்று கேட்டார். மழைக்காலத்திலும்தான் என்றாள் அவள். நாலு மாதமாக ஜீப்பிலேயே போய் வந்த மனுஷர் சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

பிறகு, நின்றபடியே அறிக்கையை எழுதி அவர்களுக்கும் படித்துக் காட்டினார். பயணிகள் ஐம்பத்திரண்டு பேர். இரண்டாவது பஸ்ஸுக்குப் போதாது. இருக்கிற பஸ் மேடு ஏறாததால் நடைக்கு முப்பத்தோரு பேர் இறங்கி நடக்கிறார்கள். எஞ்சினை உடனே மாற்ற வேண்டும். எண்ணும் பெட்டி இந்தச் சோதனையில் தேறவில்லை; மேடு ஏறுகிற பஸ்ஸில் பொருத்தி மறுபடி சோதிக்க வேண்டும், எண்ணுவதற்கு மரகதமே வர வேண்டும். ஜம்புலிங்கத்தின் வேலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

எஞ்சினியர் போனதும் ஜம்புலிங்கம் பெட்டியைக் கழற்ற உட்கார்ந்தான். மரகதம் போகிற வழியில் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து நான் பேசுனது ரொம்பத் தப்பும்மா" என்றான். "மன்னிச்சுக்க."

"விடுங்கண்ணே" என்று அவள் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். "மேட்டுல ஏறுன முப்பத்தோரு பேர்ல ஒருத்தரைக்கூட இது விடல. எனக்கே நாலு பேர் சேந்து ஏறுனா தடுமாறும். எப்படிண்ணே செஞ்சீங்க?"

ஏழு வருஷத்தில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் திறந்து, முதல் சக்கரத்திலிருந்து அவளுக்குக் காட்ட ஆரம்பித்தான்.