இருபத்துநாலுக்கு இருபத்துநாலு

விஜயகலா குடும்பத்துக்கு ஆப்பு வைத்தவன் நான்தான். பேச்சுக்குச் சொல்லவில்லை, காணியின் நாலு மூலையிலும் நாலு மர ஆப்பு, நானே சுத்தியலால் அடித்தேன்.

வீடு கட்டத் தோட்ட நிர்வாகம் கொடுத்தது ஏழு பேர்ச் காணி. கடதாசியில் நூற்று எழுபத்தேழு சதுர மீட்டர். கஹவத்தைப் பக்கத்தில் எங்களுக்கு எல்லாம் அடிக்கணக்குதான். "பள்ளிக்கூடத்துக் கணக்கு சேர் இருக்காரே" என்று அவள் புருஷன் இந்திரகுமார் என்னைக் கூட்டிப்போனான். ஒரு மீட்டர் 3.28 அடி. பெருக்கினேன்: ஐந்நூற்று எண்பது சதுர அடி. வர்க்கமூலம் இருபத்துநாலு, கிட்டத்தட்ட நிறைவர்க்கம்! நிறைவர்க்கத்தைக் கண்டால் என் மூளை அங்கேயே படுத்துவிடும். தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை யேசுதாசன் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

பரப்பென்றால் 3.28 ஆல் இரண்டு தடவை பெருக்க வேண்டும். எட்டாம் ஆண்டுக்கு அதைக் கத்திக் கத்தியே தொண்டை கட்டியவன் நான். பக்கம் நாற்பத்துமூன்று அடிக்கு மேல் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஆறு பேர். விஜயகலா ஆப்புக்கு ஆப்பு நடந்து பார்த்து, "அம்மாடி, இவ்வளவும் எங்களுக்கா சேர்?" என்றாள். நானே என் நிலத்தைக் கொடுத்த மாதிரிச் சிரித்தேன்.

மறுநாளே ஆப்புக்கு வெளியே தோட்டம் இறப்பர் கன்று நட்டுவிட்டது. வீட்டுப் படத்தைப் பார்த்த பிரதேச சபைக்காரர், கக்கூஸ் குழிக்கு இடமில்லை, அனுமதி தர முடியாது என்றார். அப்போதுதான் எனக்கு இரண்டாவது பெருக்கல் ஞாபகம் வந்தது. இந்த மாசத்துக்குள் அத்திவாரம் விழாவிட்டால் திட்டத்து வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

தோட்டத்தை நடத்தும் தொரையிடம் ஓடினேன். "பலமு, பலமு" என்றார் சிங்களத்தில். பார்ப்போமாம். ஆபீஸ் கிளாக்கர், "தொரை சொன்னாச் சரிங்க" என்றார். விஜயகலா எனக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாகக் குடித்திருப்பேன்.

கடைசியில் யேசுதாசனை மலையில் மறித்தேன்.

"அண்ணே, ஆப்பை மாத்துவாங்களா, மாட்டாங்களா?"

"தொரை பார்த்துச் சொல்லுவாருங்க."

"நீங்க சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"மாத்த மாட்டாங்க சேர். காணி சின்னதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும், அளக்கும்போதே தொரைக்கும் போன்ல சொன்னேன். 'அவங்க சேரே குறைச்சு அளக்கிறாரு, நீ வாயைத் திறக்காதே'ன்னாரு. நீங்க கடைசி ஆப்பை அடிக்கும்போதே கன்னு ஏத்த லொறி அனுப்பியாச்சு."