காகங்கள் வந்த வீடு

சிட்லபாக்கம் ஏரிக்கரைத் தெருவில் புதிதாகக் கட்டிய வீட்டின் வாசலில் தாவீது மேஸ்திரி அந்தக் கிரானைட் பலகையை இறக்கி வைத்தார். ‘தென்றல் மாடம்’ என்று பொன்னெழுத்துகள் மின்னின. ஜஹீராவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுடைய அபிமான எழுத்தாளரின் முதல் நாவலில் வருகிற வீட்டின் பெயர் அது. பள்ளி நாளில் அதைப் படித்தபோதே, என்றாவது வீடு கட்டினால் இந்தப் பெயர்தான் என்று தீர்மானித்திருந்தாள்.

பெரிய பரிசு வாங்கிய அவருடைய புதிய நாவலை நேற்று மாலை மின்சார ரயிலில் வாசித்தாள். நடுவில் ஒரு வரி: ‘முஸ்லிம் ஒருவன் வீடு வாங்கினால் அந்தத் தெருவைவிட்டுக் காகங்களும் போய்விடும்.’ இறங்கவேண்டிய சானடோரியம் நிலையம் கடந்து போனதைக்கூட அவள் அறியவில்லை.

பக்கத்து வீட்டு லோகநாயகியும் அவருடைய வாசகிதான். “கதையில யாரோ சொல்றதுதானே ஜஹீரா?”

“யாரும் சொல்லலை லோகா. திரும்பத் திரும்பப் படிச்சுட்டேன். அவரேதான் சொல்றார்.”

லோகநாயகி அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தாள். புத்தகத்தை மூடினாள். பிறகு, “அப்போ நானும் காக்காவோட மூட்டை கட்டணுமா?” என்றாள்.

நேற்றிலிருந்து வராத சிரிப்பு ஜஹீராவுக்கு வந்துவிட்டது. பழைய நாவலின் காற்று அவளுக்குள் இன்னும் வீசத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரை வாசலில் பதித்துவிட்டு, நாள்தோறும் அதைக் கடந்து தன் வீட்டுக்குள் நுழைய அவளால் ஆகாது.

“உடைச்சுடலாமா?” என்றார் கணவர் சௌகத் அலி.

“வேணாங்க. கல்லு என்ன பண்ணுச்சு?”

தாவீது பலகையைப் புரட்டித் தடவிப் பார்த்தார். “பின்னாடி சொரசொரன்னு கீது மேடம். கவுத்துப் போட்டா துணி தொவைக்க சூப்பரா இருக்கும்.”

“அப்போ உன் எழுத்தாளர் தினம் சோப்புத் தண்ணியில குளிப்பார்” என்றார் சௌகத் அலி.

ஞாயிறன்று பால் காய்ச்சினார்கள். தெருவே பந்தலில் கூடியிருந்தது. லோகநாயகி தான் கிளறிய கேசரியைத் தானே பரிமாறினாள். “வீட்டுக்குப் பேரு என்னம்மா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம், “வரும், வரும்” என்று ஜஹீரா பிரியாணியை அள்ளி வைத்தாள்.

பந்தி முடிந்ததும் ஒரு பிடி சோற்றைக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துப் பதித்திருந்த அந்தத் துவைகல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். முதலில் ஒன்று இறங்கியது. அது கரைந்ததும் ஏரிப் பக்கமிருந்து ஒரு கூட்டமே வந்து சேர்ந்தது. முந்திக்கொண்ட காகம் மட்டும் வாய் நிறையச் சோற்றுடன் கூரையைத் தாண்டிப் பறந்தது. வாசல் தூணில் பெயர்ப்பலகைக்காக விட்டிருந்த வெற்றுப் பள்ளத்தில் போய் அமர்ந்து, தலையைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தது.