கைப்பையைக் கொட்டுகிற மாதிரி

...இல்லை, இது தலைச்சுற்றல் இல்லை, மின்விசிறிதான் ஆடுகிறது, மூன்று இறக்கையும் ஆடி ஆடிச் சுற்றுவதைக் கீழே உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் சுற்றத்தான் செய்யும், மேலே பார்க்காதே, மேசையைப் பார், மேசையில் யாரோ காம்பஸ் முனையால் ஒரு மீனைக் கீறியிருக்கிறார்கள், மீனுக்குக் கண் இருக்கிறது, வால் இல்லை, வால் போடுவதற்குள் மணி அடித்துவிட்டது போல... சரி, உள்ளங்கை வியர்க்கட்டும், கைக்குட்டை இருக்கிறது, இரண்டு பேனா இருக்கிறது, ஹால் டிக்கெட் இருக்கிறது, அதில் பதிவெண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘மூன்றாம் முயற்சி’ என்று இருக்கிறது, அதை மட்டும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. செவிலியர் பள்ளியின் முதலாண்டில் உடலமைப்புப் பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான், மூன்றாவதும் போனால் பதிவேட்டில் பேரை அடித்துவிடுவார்கள், சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். படிக்காமல் போயிருந்தால் ஒரு நியாயம் உண்டு. முதல் தடவை அத்தனையும் தெரியும், தெரிந்தது எல்லாம் தொண்டைவரை வந்து நின்றுகொண்டது, மூன்று மணி நேரத்தில் ஒன்றரைப் பக்கம். இரண்டாம் தடவை கேள்வித்தாளைப் பார்த்ததும் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன, அரை மணியில் எழுந்து வெளியே போய்விட்டாள். விடுதி வார்டன் அனுப்பிய மனநல ஆலோசகர், நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணிப் பிடி, நாலு எண்ணி விடு என்று சொல்லித்தான் கொடுத்தார், அவருக்கு அது பலித்திருக்கும், இவளுக்கு எண்ணத் தொடங்கியதுமே மூச்சுக்குத் தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது, மூன்றிலேயே முரண்டு பிடிக்கிறது. மூச்சுக்கும் பரீட்சை வைத்தால் அது மட்டும் எப்படிப் பாஸாகும்?

கேள்வித்தாள் வந்துவிட்டது. கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். திருப்பு... திருப்பினாள். சிறுநீர் உருவாகும் விதத்தைப் படத்துடன் விளக்குக, பதினைந்து மதிப்பெண். தெரியும், தெரியும், பக்கம்கூடத் தெரியும், இடப்பக்கத்தில் மஞ்சள் கறையோடு இருக்கும் படம், அந்தக் கறை தெரிகிறது, படம் தெரியவில்லை. போச்சு. மறுபடியும் அதேதான், தொண்டைக்குக் கீழே கதவு சாத்திக்கொள்கிறது, பக்கத்து வரிசையில் ‘மைக்’ எழுத ஆரம்பித்துவிட்டாள், விடுதி முழுக்கக் கேட்கிற குரல் உள்ளவள், அவள் பேனாகூடச் சத்தமாகத்தான் எழுதுகிறது... அக்காவை நினை. அக்காவிடம் சொல்வதாக நினை. நாற்பது நாள் அதைத்தானே செய்தாய்? இரண்டாம் தடவை தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பொத்தான் துளை தைத்துவிட்டு வந்த அக்கா, காலை நீட்டிப் பட்டாணி உரித்துக்கொண்டே, “எனக்குச் சொல்லுடி, எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, நான் மார்க்கும் போட மாட்டேன்” என்றாள். தினமும் சாயங்காலம் கொஞ்சம் பாடம். இதயம் ஒரு வாரம், நுரையீரல் நாலு நாள், நுரையீரலுக்கு அக்கா தூங்கிவிட்டாள். சிறுநீரகத்துக்குத் தூங்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுதுக்கா என்றதும் பட்டாணியைக் கீழே வைத்துவிட்டாள். “பொய் சொல்லாதடி, அவ்வளவு நான் போறதே இல்லையே.” போறதில்லக்கா, அதுல ஒண்ணு ரெண்டு லிட்டர்தான் வெளிய போகும், மிச்சம் எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போயிடும். “அப்போ முதல்ல எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு, அப்புறம் வேணுங்கறதப் பொறுக்கி எடுத்துக்குதா? சாவி தேடுறப்ப நான் கைப்பையை மேசைல கொட்டுற மாதிரி?” சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, ஆனால் அன்றைக்குப் பிறகு அது மறக்கவே இல்லை, ரத்தம் பெரிய குழாயில் வருகிறது, நுண்குழாய் முடிச்சுக்குள் நுழைகிறது, வெளியே போகும் குழாய் குறுகல், அழுத்தம் ஏறுகிறது, ரத்த அணு உள்ளேயே நிற்க, உப்பும் நீரும் சர்க்கரையும் கசிந்து...

கை ஓடிக்கொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தின் பாதி, அக்கா கேள்வி கேட்கக் கேட்க இவள் சொல்லிக்கொண்டே போகிறாள், சர்க்கரை எங்கடி போச்சு, சர்க்கரை முழுசும் திரும்ப உள்ளே போயிடும், உப்பு, உப்பு பெரும்பாலும் முதல் வளைவுலயே... நிறுத்தினாள். கடைசியாக எழுதிய வரியைப் படித்தாள். ‘ஆமாக்கா, கைப்பையைக் கொட்டுற மாதிரியேதான், வேணுங்கறது எல்லாம் திரும்ப உள்ள போயிடும்.’ நீல மையில், கோணல் இல்லாத அழகான கையெழுத்தில். பேனாவைக் கீழே வைத்தாள். விடைத்தாளின் முகப்பிலேயே கட்டம் போட்டு அச்சடித்திருக்கிறது, பெயரோ உறவோ வேண்டுகோளோ அடையாளம் காட்டும் வேறு எதையாவதோ எழுதினால் தேர்வு ரத்து. போன வருஷம் ஒருத்தி, ‘ஐயா, எனக்கு அப்பா இல்லை’ என்று எழுதி வைத்ததால் அவள் விடைத்தாளைத் திருத்தவே இல்லை என்று கேள்வி. தெரிந்ததை எல்லாம் எழுதிவிட்டு, அக்கா என்று கூப்பிட்ட குற்றத்துக்காகவா பேரை அடிக்கப்போகிறார்கள்? கிழிக்கலாமா? கிழித்தால் அது தனிக் குற்றம். மையைத் தடவி மறைக்கலாமா? மறைத்தால் என்ன மறைத்தாள் என்று கேட்பார்கள். எழுந்து போய்விடலாமா? அந்தக் கதவு அதோ இருக்கிறது, போன தடவை போன அதே மாதிரிக் கதவு, கால்கூடச் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது... கையைத் தூக்கினாள். தூக்கியது தன் கைதானா என்று பார்த்தாள். கண்காணிப்பாளர் அம்மா வந்தார், வேறொரு கல்லூரியில் கணக்கு நடத்துகிறவராம், கடுகடுவென்ற முகம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அந்த வரியைப் படித்தார், மறுபடி படித்தார்.

“யாரும்மா இந்த அக்கா?” எங்க அக்காங்க மேடம். “பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சி எங்கயாவது எழுதியிருக்கியா?” இல்லீங்க மேடம், சத்தியமா இல்ல, சிறுநீரகத்தப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். அவர் வாயின் ஓரம் ஒரு தரம் துடித்தது, அடக்கிக்கொண்டார். “குறுக்க ஒரே கோடு. கிழிக்காத, கிறுக்காத. எழுதினத அடிச்சா அது பிழை, அவ்வளவுதான், குத்தம் இல்ல.” இரண்டடி போனவர் திரும்பி வந்து குனிந்தார். “பையைக் கொட்டினீங்களே, அப்புறம் என்ன ஆச்சுன்னு முழுசா எழுது. திருத்துறவங்க பாவம், காத்திட்டிருப்பாங்க.” அவ்வளவுதானா? ஒரே கோடு, அவ்வளவுதானா? ஸ்கேலை வைத்து நேராக இழுத்தாள், கோட்டுக்கு அடியில் அக்கா பத்திரமாகத் தெரிந்தாள், இவளுக்குச் சிரிப்பு வந்தது, பரீட்சை ஹாலில், மூன்றாம் முயற்சியில், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிற அளவுக்கு இவள் எப்போது தேறினாள்? பிறகு எழுதினாள். அக்காவின் கேள்வியை மனசில் கேட்டு, பதிலை மட்டும் புத்தகத் தமிழுக்கு மாற்றித் தாளில் இறக்கினாள், படத்துக்குப் பென்சில், அம்புக்குறிக்கு ஸ்கேல், மூன்று முறை அடிஷனல் ஷீட் கேட்டு வாங்கினாள், மூன்றாம் முறை கேட்டபோது ‘மைக்’ திரும்பி முறைத்தாள், மூச்சை எண்ண இவள் மறந்துபோனாள், அது தன் பாட்டுக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

மணி அடித்து, நூல் கோத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் மாடிப்படியில் ‘மைக்’ கடை விரித்துவிட்டாள், “நீர் குறையாம பாத்துக்குற ஹார்மோன் பிட்யூட்டரியோட பின்பக்கம்தானே? நான் பின்பக்கம்னு போட்டேன்ப்பா!” இவள் முன்பக்கம் என்று எழுதியிருந்தாள். தப்பு. போன தடவையானால் இந்நேரம் படியிலேயே உட்கார்ந்திருப்பாள், இப்போது, அட, தப்பாகிவிட்டதே என்று மட்டும் இருந்தது, பசித்தது, நன்றாகவே பசித்தது. பைகளைக் குவித்து வைத்திருந்த அறையிலிருந்து போனை எடுத்து அக்காவுக்கு அடித்தாள். வேலை நேரம், எடுக்க மாட்டாள், தவறிய அழைப்பாவது பார்க்கட்டும். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள். “எழுதினியா?” எழுதினேன்க்கா. “முழுசா?” முழுசா, மூணு ஷீட் வாங்கினேன். அந்தப் பக்கம் பெரிதாக ஒரு மூச்சு, குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். எங்கக்கா இருக்க? “பாத்ரூம்ல. காலைல பத்து மணிலேருந்து வந்து வந்து போறேன், சூப்பர்வைசர் வயிறு சரியில்லையாம்மான்னு கேக்குறாரு, கை நடுங்கி ரெண்டு சட்டையைப் பாழாக்கிட்டேன்.” உனக்கு எதுக்குக்கா நடுங்குது, பரீட்சை எனக்குத்தானே? அக்கா சிரித்தாள். “எனக்கு அப்படித்தாண்டி, எட்டாவது முழுப் பரீட்சை அன்னிக்கும் இதே மாதிரிதான், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயி... சரி வை, கூப்பிடுறாங்க, போயி ஏதாவது சாப்பிடு.” வைத்துவிட்டாள். படிகளில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், இவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அக்காவுக்குப் படிப்பு ஏறவில்லை, அதனால் எட்டாவதோடு நின்றுவிட்டாள், இதுதான் வீட்டில் சொல்வது, அப்பா சொல்வார், அம்மா சொல்வாள், அக்காவே சொல்வாள், நூற்றெண்பது லிட்டர் என்றதும் நம்ப மறுத்துக் கணக்குக் கேட்டவளுக்கா படிப்பு ஏறவில்லை? வாசல் வரைக்கும் போய்... போய் என்ன ஆயிற்று? சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம், கடைசிப் பஸ்ஸுக்கு நிறைய நேரம் இருக்கிறது, போய் எதிரே உட்கார்ந்து கேட்கலாம், எனக்குச் சொல்லுக்கா என்று. கேட்டால் சொல்லுவாளா?