இரக்கத்துக்குப் போட்ட மூன்று

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான உதவி அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கதவில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிற யாரும் இதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பிஷ்கேக்கின் அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்த வேலைக்கென்று இருந்த ஒரே ஊழியர் புருல்சா. அவளேதான் நாள் முழுக்கப் படியிறங்கிப் போய் மாணவர்களைப் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவாள்.

மூன்று வாரமாக அவளை அலைக்கழித்தது அய்ஜிரெக்கின் காகிதம். அய்ஜிரெக் நீரியல் துறையில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். கெட்டிக்காரி. பேச்சு மட்டும் திக்கும். ஒரு சொல்லின் வாசலில் நின்றால் உள்ளே நுழைய அரை நிமிடம்கூட ஆகும். தேர்வோ வாய்மொழித் தேர்வு. மேசையில் கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள கேள்விக்கு ஆசிரியர் முன் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

போன பருவத்தில் அவள் சீட்டைத் தொடக்கூட இல்லை. தொக்தொசுன் ஆசிரியர் அவளுடைய மதிப்பெண் புத்தகத்தை வாங்கி, "நீ எதுக்கும்மா சிரமப்படணும், போ" என்று ஐந்துக்கு மூன்று போட்டு அனுப்பிவிட்டார். அவர் நல்ல மனிதர், வெள்ளிக்கிழமை தொழுகையைத் தவறவிடாதவர். இரக்கத்தில்தான் போட்டார். ஆனால் கோடையில் மலைமேல் இருக்கிற பனியாற்று ஆய்வு நிலையத்துக்குப் பயிற்சிக்குப் போகக் குறைந்தது நான்கு வேண்டும். அய்ஜிரெக் உயிரை வைத்திருந்தது அந்த நிலையத்தின் மேல். இந்த முறையும் மூன்று என்றால் அந்தக் கதவு மூடிவிடும்.

"நான் பாத்துக்கறேன். எழுத்துத் தேர்வுக்கு அனுமதி வாங்கித் தர்றேன்" என்றாள் புருல்சா, முதல் நாளே.

"எஜே, எ-எ-எனக்கு..." என்று தொடங்கினாள் அய்ஜிரெக். எஜே என்றால் அங்கே அக்கா.

"எனக்குத் தெரியும் கண்ணு. நீ படி. மத்தது என் பொறுப்பு."

பொறுப்பு அவளை நகரின் மறுகோடியில் மருத்துவக் குழுவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. நாலு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"திக்குறதெல்லாம் ஊனமா? எங்க பெரியப்பாவுக்கும் திக்கும். மாவட்டத் தலைவரா இருந்தாரு."

"அவர் சீட்டு எடுத்துப் பதில் சொல்லித்தான் தலைவரானாரா, பைகே?" என்றாள் புருல்சா, அண்ணன் முறை வைத்து.

மருத்துவர் சிரித்துவிட்டார். சான்றிதழ் மட்டும் அடுத்த வாரம்தான் கிடைத்தது, அதுவும் போன வருடத் தேதியோடு. தேதியைத் திருத்த இன்னொரு வரிசை.

பிறகு துறை அலுவலகம். செயலாளர் ரய்கான் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தாள். "கையெழுத்து இருக்கு. முத்திரை இல்லையே."

"முத்திரை உங்க இரும்புப் பெட்டியிலதானே இருக்கு, எஜே?"

"பெட்டி இருக்கு. சாவி துறைத் தலைவர்கிட்ட. தலைவர் மாமனாரோட வருஷத் திதி விருந்துக்கு நாரின் ஊருக்குப் போயிருக்காரு. குதிரை அடிச்சு விருந்து. மூணு நாளைக்குள்ள விடுவாங்களா?"

"தேர்வு புதன்கிழமை."

"அப்போ செவ்வாய்க்கிழமை வா. கத்தாதே. டீ குடி."

புருல்சா டீயைக் குடித்தாள். குடிக்காமல் போனால் ரய்கான் மனம் நோகும், அப்புறம் முத்திரை வெள்ளிக்கிழமைக்குப் போய்விடும். 'யா அல்லா, எனக்குப் பொறுமையைக் கொடு, ஆனால் சீக்கிரம் கொடு' என்று வேண்டிக்கொண்டாள்.

இந்த மூன்று வாரத்தில் அய்ஜிரெக் நாலைந்து முறை மாடி ஏறி வந்தாள். ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் புருல்சா அவளுடைய வாக்கியத்தைப் பாதியில் கையில் வாங்கி முடித்து வைத்தாள். பயமா இருக்கா? காகிதம் வந்துடும். நேரம் போதாதா? கூடுதல் தாள் தரச் சொல்றேன். பெண் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போவாள். பாவம், கூச்சப்படுகிறது என்று புருல்சா நினைத்துக்கொண்டாள்.

தலைவர் செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன் காலை பத்தரைக்குத்தான் முத்திரை விழுந்தது. மை காய்வதற்குள் புருல்சா பனி மிதித்த காலணியோடு ஓடி, தேர்வு அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

அய்ஜிரெக் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்களில் ஒரு சீட்டு. தொக்தொசுன் ஆசிரியர் பேனாவின் மூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.

"ஆசிரியரே, நிறுத்துங்க! இந்தாங்க, முத்திரையோட. இவ எழுதிக் கொடுப்பா."

"அட, நல்லதாப் போச்சு" என்றார் அவர். "தாள் எடுத்துக்கோம்மா."

"வே-வே-வே..."

"வேற பேனா வேணும்கறா, ஆசிரியரே" என்றாள் புருல்சா, தன் பையைத் துழாவிக்கொண்டே.

அய்ஜிரெக் உள்ளங்கையால் மேசையில் ஓங்கி அடித்தாள். சீட்டுகள் துள்ளின.

"வேண்...டாம்" என்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "எழுத... வேண்டாம். மூ-மூணு வாரமா இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க... மு-முடிக்கவே விடல, எஜே."

புருல்சாவின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "கைபேசியில ஒரு வரி அனுப்பியிருக்கலாமே, கண்ணு."

"நி-நிலையத்துல... தினம் காலையில ரே-ரேடியோவுல அளவு சொல்லணும். அங்க எ-எழுதிக் காட்ட முடியாது. எனக்கு நேரம்... ம-மட்டும் போதும்."

மூன்று வாரம், இரண்டு வரிசை, ஒரு முத்திரை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மருத்துவர்மேலும் ரய்கான்மேலும் சேர்த்து வைத்த கோபமெல்லாம் முகவரி தேடித் தன்னிடமே வந்து சேர்ந்ததைப் புருல்சா உணர்ந்தாள்.

ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "வெளிய இன்னும் பதினோரு பேர் நிக்கறாங்களேம்மா."

திறந்திருந்த கதவுக்கு வெளியிலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. "நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம், ஆசிரியரே! அவ சொல்லட்டும். எங்களுக்கும் படிக்க நேரம் கிடைக்கும்ல?" நடைகூடமே சிரித்தது. காலடிகள் உணவகத்தின் பக்கம் தேய்ந்தன.

இறைவன் பல சமயம் பெரிய கதவுகளை இப்படிப்பட்ட சின்னக் கைகளைக் கொண்டுதான் திறக்கிறான்.

அய்ஜிரெக் பேசினாள். பனியாறு உருகித் தேங்கும் ஏரி எப்போது கரையை உடைக்கும் என்பது கேள்வி. பதில் முக்கால் மணி நேரம் நடந்தது. ஒரு சொல்லில் அவள் நின்றபோது புருல்சாவுக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் துடித்தது. முக்காட்டின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஆசிரியரோ மேசைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு, தொழுகைக்குக் காத்திருப்பவர் போல் உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் அவர் மதிப்பெண் புத்தகத்தைத் தொடவில்லை. "கூடுதலா ஒரு கேள்வி" என்றார்.

நாலா ஐந்தா என்று ஆசிரியர் தயங்குகிறபோதுதான் கூடுதல் கேள்வி வரும். மாணவர்கள் அதற்கு நடுங்குவார்கள். அய்ஜிரெக்கை அதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் முகம் மலர்ந்தது. பதிலில் பாதி தவறு.

"தப்பு" என்றார் அவர், ஒளிவுமறைவில்லாமல். "அந்தப் பாடத்தைத் திரும்பப் படி." நான்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போன தடவை உன்னைக் கேட்டிருக்கணும்மா. மன்னிச்சுக்கோ."

பயன்படாத அனுமதிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ரய்கான் பதறிவிட்டாள். "பதிவேட்டுல ஏத்தியாச்சே! ரத்து பண்ண காரணம் எழுதி, மூணு கையெழுத்து வாங்கிட்டு வா. முத்திரையும் வேணும்."

"சாவி?"

"தலைவர் மதியமே மறுபடி கிளம்பிட்டாரு."

புருல்சா கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'காரணம்' என்று எழுதியதும் பேனா தயங்கியது.

"கா-காரணத்தை நா-நா..." என்றாள் பின்னால் நின்ற அய்ஜிரெக்.

புருல்சா திரும்பி அவளைப் பார்த்தாள். நாற்காலி ஒன்றை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள். பேனாவைத் தாளின்மேல் பிடித்தபடி காத்திருந்தாள்.