ரஸ்ஸல் கலந்த மருந்து

இருபதாவது தண்டையும் ரஸ்ஸல் கத்தியால் நெடுக்காகக் கீறினான். வெளியே எலும்பாக வெளுத்த தண்டு, உள்ளே எலிப்புழுக்கை போலக் கறுப்பு உருண்டைகள். தட்டினால் வண்டியின் பின்பலகையில் பொலபொலவென்று உதிர்ந்தன. பதினேழில் தண்டழுகல், மூன்றுதான் சுத்தம். கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டானே தவிர, ஒரு கெட்ட வார்த்தைகூட வாயில் வரவில்லை. அக்கா லியோனிக்கு அதுதான் என்னவோ போலிருந்தது. மழை இரண்டு நாள் தள்ளிப் போனாலே வானத்தைப் பார்த்து வாய் கிழியத் திட்டுகிற தம்பி அவன்.

சாலையிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பின்வயலில் எண்ணெய்வித்துக் கனோலா நன்றாகப் பழுத்து நிற்பதாகத்தான் தெரியும். ஊரில் இரண்டு பேர் பாராட்டக்கூடச் செய்தார்கள், இந்த வருஷமும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள் என்று. அது பழுத்ததல்ல, செத்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து நிலத்து டார்சியின் கனோலா, அதே விதை, அதே மழை, காய் கனத்துச் சாய்ந்து நின்றது. அவனுக்கு அறுப்பு அடுத்த வாரம்தான். அதனால் இன்று தானாகவே அறுவடை வண்டியை ஓட்டிக்கொண்டு இவர்களுக்கு அறுத்துக் கொடுக்க வந்திருந்தான்.

ஆகஸ்டில், பூவெடுத்த வாரத்தில் நடந்தது அது. தண்டழுகலுக்கு மருந்தடிப்பது பூ இருக்கும்போதுதான், பிறகு அடித்துப் பலனில்லை. போன வருஷம் லேசாகப் பக்கவாதம் வந்து எழுந்ததிலிருந்து ரஸ்ஸல் மருந்தடிக்கும் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் மருந்தை அவன்தான் கலப்பான், அளவுத்தாளைப் பார்க்காமலே. அன்று அவன் கலந்து கொடுத்த தொட்டியோடு லியோனி கிளம்பியபோது கேட்டருகே டார்சி நின்றிருந்தான். அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் வண்டி கேட்பதில்லை. தன் வண்டியின் பம்பு போய்விட்டது, பெண்டாட்டி குறைப்பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சாயங்காலம் அங்கே போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்காமலே புரிந்துகொண்டு கொடுக்க வேண்டியது இவள் பாடு. எங்களுக்குப் போக மருந்து மிச்சம்தான், அப்படியே அடித்துக்கொள் என்று தொட்டியோடு கொடுத்துவிட்டாள். தங்கள் வயலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று மாலை பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. விட்டபோது பூவெல்லாம் கொட்டிப் போயிருந்தது.

இடையில், ராத்திரிச் சாப்பாட்டின்போது, மருந்தடித்து முடிந்துவிட்டதா என்று ரஸ்ஸல் கேட்டான். அவனுக்குக் கோபம் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முடிந்தது என்றாள். அவ்வளவுதான்.

டார்சி எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேநீருக்கு வந்தான். மூன்று பேரும் வண்டியோரம் நின்று குடித்தார்கள். ஈ மொய்த்தது. சர்க்கரை கேட்கிற குரலில் ரஸ்ஸல் சொன்னான்:

"இந்த வருஷத்தோட போதும் டார்சி. நெலத்த நீயே குத்தகைக்கு எடுத்துக்க. மருந்தத் தப்பாக் கலந்துட்டேன். எங்க தப்பு பண்ணேன்னு ஒரு மாசமா யோசிக்கிறேன், ஞாபகம் வர மாட்டேங்குது. மண்டைல ஏதோ போயிருச்சு."

"இருந்ததே கொஞ்சம்தானே மச்சான்," என்றான் டார்சி. யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

லியோனிக்கு இப்போதுதான் புரிந்தது. ஒரு மாதமாக அவன் பழைய கடித உறைகளின் பின்னால் கிழமைகளை வரிசையாக எழுதி எழுதிப் பார்த்ததை அவள் கண்டிருக்கிறாள். ஏதோ கணக்கு என்று விட்டிருந்தாள்; தன் தலையைத்தான் அவன் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். பொய் சொன்னது குற்றமாக உறுத்தியதுண்டு. அது இப்படி அவன் தலைக்குள் போய் உட்காரும் என்று நினைக்கவில்லை.

"நீ சரியாத்தான் கலந்த, ரஸ்," என்றாள். "அது வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது."

இதைச் சொல்லும் நாளில் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாயால் பேசுவதுபோல வந்த தன் குரலை, தானே தள்ளி நின்று கேட்டாள்.

"மிச்சம்னு சொன்னியே," என்றான் டார்சி மெதுவாக.

அவள் ரஸ்ஸலின் பக்கம் திரும்பினாள்.

"முடிஞ்சுதுன்னு சொன்ன," என்றான் ரஸ்ஸல்.

"சொன்னேன்."

அவன் கோப்பையைப் பலகையில் வைத்தான். அவளை அடிப்பதுபோலப் பார்த்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். வேலிக்கம்பியை அழுத்திக் குனிந்து, அந்தப் பக்கம் போனான். அறுப்புக்கு நிற்கிற அடுத்தவன் பயிருக்குள் அங்கே யாரும் கால் வைப்பதில்லை. டார்சி கையைப் பாதி தூக்கி, பிறகு சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

நெஞ்சளவு பயிர். ரஸ்ஸல் போகப் போகத் தண்டுகள் பிரிந்து சாய்ந்தன, சில நிமிர்ந்தன, சில நிமிரவில்லை. நடுவயலில் நின்றான். முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு கையையும் விரித்துக் காய்களின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.