இரண்டாவது கணக்கு

என் தங்கை புருஷன் வாயைத் திறந்தால் காக்கா கூட வேறு தெருவுக்குக் குடிபோய்விடும். அவ்வளவு பெருமை பேசுவார். ஆனால் அன்று காலை அவர் பெருமை பேசியதால்தான் அவரும் என் தங்கையும் இன்றைக்குச் சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

வருடத்தின் கடைசி நாள் அது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். மாப்பிள்ளை சாப்பாட்டு மேசை முழுக்க ரசீதுகளைப் பரப்பிக்கொண்டு, புதையல் கிடைத்தவர் போல உட்கார்ந்திருந்தார். பாட்டில் மூடி போடும் எந்திரங்களை வடிவமைக்கிற பெரிய மூளை. வரிக் கழிவு என்றால் உயிர். வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வரி, நன்கொடை, எதையும் விடமாட்டார். பழைய சட்டையைத் தானம் கொடுத்துவிட்டு, பொத்தானுக்குத் தனி ரசீது கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான்.

"மச்சான், இந்த வருஷம் என் வரி எவ்வளவு தெரியுமா? சைபருக்குப் பக்கத்து வீடு!"

"சம்பளம் வாங்குறீங்களா இல்லையா மாப்பிள்ளை?"

"எல்லாம் கழிவு மச்சான், கழிவு! அதுவும் போன கோடையில கம்பெனி பங்கு வாங்கினேன் பாருங்க, இருந்த சேமிப்பெல்லாம் போட்டு. வேலை செய்ற எங்களுக்குன்னு ஒதுக்கின விலை பத்து. அன்னிக்குச் சந்தையில அதே பங்கு நூறு! விக்கலையே, அப்புறம் எவன் வரி கேப்பான்?"

அடுக்களையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

என் தங்கை கணக்காளர். ஊரில் பாதிப் பேருடைய வரிக்கணக்கு அவள் கையில்தான் இருக்கிறது. புருஷன் கணக்கை மட்டும் தொடமாட்டாள். கல்யாணமான புதிதில் நாலு பேர் முன்னால் அவருடைய கூட்டலில் தப்பு கண்டுபிடித்தாள். மனுஷன் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து அவர் கணக்கை அவரே போடுவார், அவள் எட்டியும் பார்க்கமாட்டாள். வைத்தியர் வீட்டிலேயே ஒருவர் கைவைத்தியம் பார்த்துக்கொண்ட கதை.

ஈரக் கையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, என்ன பங்கு?"

"அது... சும்மா. உன்கிட்ட அப்புறம் சொல்லலாம்னு..."

"எத்தனை?"

அவர் சொன்னார். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நான் முப்பது வருடம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன். கூரை சரிவதற்கு முன்னால் ஒரு சத்தமில்லாத நேரம் வரும். அந்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கு விலை என்ன?"

"கொஞ்சம் இறங்கியிருக்கு. பதினெட்டு. ஏறும், ஏறும்! அந்த எந்திரத்துல என் மூளை இருக்கு."

"உங்க மூளை இருக்கட்டும். இதைக் கேளுங்க. இந்த நாட்டுல அரசாங்கம் ரெண்டு கணக்கு போடும். முதல் கணக்குல நீங்க சொல்ற கழிவெல்லாம் உண்டு, விக்காத பங்குக்கு வரி இல்ல. ரெண்டாவது கணக்கு வேற. அதுக்குப் பேரே மாற்று குறைந்தபட்ச வரி. இப்படிக் கழிச்சுக் கழிச்சே சைபருக்கு வர்றவங்களுக்குன்னு போட்ட வேலி. அதுல வீட்டு வரிக் கழிவு கிடையாது. பங்கைப் பத்துக்கு வாங்கின அன்னிக்கு நூறு இருந்துச்சுன்னா, மிச்சம் தொண்ணூறும் உங்க வருமானம். வித்தாலும் சரி, விக்காட்டாலும் சரி. ரெண்டுல எது அதிகமோ அதைத்தான் கட்டணும்."

"கையில வராத காசுக்கா?"

"கையில வராத காசுக்குத்தான். தொண்ணூறுல கால்வாசின்னு வெச்சுக்கோங்க. பங்கு ஒண்ணுக்கு இருபத்திரண்டுக்கு மேல வரி. உங்க பங்கு விலையே பதினெட்டு."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. "அதிகமா கட்டினதைப் பின்னால வர்ற வருஷங்கள்ல கழிச்சுக்கலாம்னு எங்கயோ படிச்சேனே?"

"கழிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா. நமக்கு நூத்திப்பத்து வயசாகும்போது கணக்கு நேராயிடும். அதுவரைக்கும் இந்த வீட்டை வித்துதான் கட்டணும்."

மாப்பிள்ளை ரசீதுகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார். கேட்டது நான்தான்: "வழியே இல்லையா, தங்கச்சி?"

"இருக்கு. வாங்கின வருஷத்துக்குள்ளேயே வித்துட்டா ரெண்டாவது கணக்கு அந்தத் தொண்ணூறை மறந்துடும். பத்துக்கு வாங்கி பதினெட்டுக்கு வித்த எட்டுக்கு மட்டும்தான் வரி. ஆனா வருஷம் இன்னியோட முடியுது. சந்தை மத்தியானம் மூடிடும்."

மாப்பிள்ளை போனை எடுத்தார். எடுத்த கை அந்தரத்தில் நின்றது.

"இப்ப விக்க முடியாது. கணக்கு முடிக்கிற மாசம். நிதித் தலைவி அனுமதி இல்லாம நாங்க யாரும் பங்கைத் தொடக்கூடாது."

அந்த அம்மாவுக்குக் கம்பெனியில் வைத்த பேர் பூட்டு. பேனா வாங்கக் கேட்டாலே பழைய பேனாவின் சடலத்தைக் காட்டச் சொல்வாராம். பூட்டு அன்று விடுப்பு. போனை எடுக்கவில்லை. வீட்டில் கேட்டதில் முடிதிருத்தும் நிலையத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

"சாவியைக் கொடுங்க மாப்பிள்ளை" என்றேன்.

அன்று நான் ஓட்டிய ஓட்டத்தில் சாலையோர மரங்களே இரண்டடி ஒதுங்கின. சிவப்பு விளக்குகள் என்னைக் கண்டு பச்சையாயின. பின்சீட்டில் தங்கை கண்ணை மூடியிருந்தாள். "அண்ணா, வீடு தப்பிக்கறதுக்குள்ள நாங்க செத்துடப்போறோம்" என்றாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முடிதிருத்தும் நிலையத்தில் பூட்டு, தலை முழுக்கச் சாயம் பூசி வெள்ளித் தகடு சுற்றி, வேற்று கிரகத்து ராணி போல உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் போர்த்திய துணியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"சார்! இது பெண்கள் பகுதி!"

"மேடம், என் வீடு போகப்போகுது" என்றார் மாப்பிள்ளை. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சின்னக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

தங்கை விஷயத்தை நாலே வரியில் சொன்னாள். பூட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பெனி கணக்கு எப்படி வரப்போகுதுன்னு உங்க காதுல ஏதாவது விழுந்ததா சார்? உண்மையைச் சொல்லணும்."

"எனக்கு என் எந்திரத்தைத் தவிர எதுவும் தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா நூறுல வித்திருக்கமாட்டேனா?"

"அது நியாயம்தான்." நெற்றியில் வழிந்த சாயத்தை ஒரு பெண் துடைக்க, பூட்டு தன் போனை வாங்கி எதையோ மெதுவாக, மிக மெதுவாகத் தட்டினார். ஆமை கூட ஒருமுறை கொட்டாவி விட்டிருக்கும். "அனுமதி வந்திருக்கும். பாருங்க."

வந்திருந்தது. மாப்பிள்ளை காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து விற்கப் போட்டார். நாங்கள் மூவரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்தோம். 'காத்திருப்பில்' என்று நின்றது. அப்படியே நின்றது. முடி உலர்த்தும் எந்திரம் என் காதுக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

"ஏன் போகமாட்டேங்குது?" என்றேன்.

தங்கை குனிந்து பார்த்தாள். "என்ன விலை போட்டீங்க?"

மாப்பிள்ளை திரையைக் கையால் மறைத்தார்.

"ஏங்க."

"இருபத்தஞ்சு." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதுக்குக் கீழ கொடுக்க மனசு வரல. ஆறு வருஷ வேலை அது. பதினெட்டுக்கு..."

போனைப் பிடுங்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் போனோடு கையையும் பிடுங்கியிருப்பேன். அவள் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"உங்க வேலைக்கு விலை நூறோ ஆயிரமோ, அது எனக்குத் தெரியும். வாங்கறவனுக்குத் தெரியாது. அவன் இப்ப பதினேழரை சொல்றான். மூடப்போறாங்க. நான் அழுத்தமாட்டேன். நீங்களே அழுத்துங்க."

பூட்டு கூடத் தகடுத் தலையைத் திருப்பிப் பார்த்தார். கத்தரிக்கோல்கள் நின்றன. மாப்பிள்ளையின் கட்டைவிரல் மேலே போயிற்று, கீழே வந்தது. இருபத்தைந்தை அழித்தார். 'சந்தை விலைக்கே' என்பதைத் தொட்டார்.

முதலில் கொஞ்சம் போயிற்று. பிறகு கொஞ்சம். மீதி நின்றது. தங்கையின் நகம் என் முழங்கையில் இறங்கியது. இறங்கட்டும் என்று விட்டேன். கடைசிப் பங்கும் போனபோது விலை பதினேழுக்கு வந்திருந்தது. பூட்டு தன் போனைப் பார்த்து, "மூடியாச்சு" என்றார்.

வெளியே வந்தோம். தங்கை காரின் கதவில் சாய்ந்து நின்றாள். மாப்பிள்ளை தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து மூடியைத் திறந்து கொடுத்தார். திறப்பதற்கு முன் மூடியைத் திருப்பி ஒருமுறை பார்த்தார், தன் எந்திரம் போட்டதா என்று.

"வரி எவ்வளவு வரும்?"

"எட்டுகூட இல்ல, பங்குக்கு ஏழு, ஏழரை லாபம். அதுக்கு என்ன வருமோ அதான். சமாளிச்சுடலாம்."

காரில் ஏறினோம். இரண்டு தெரு தாண்டினோம். பிறகு மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ரெண்டாவது கணக்குதான் இப்ப இல்லையே. அப்போ அந்த வீட்டு வரிக் கழிவு... திரும்பக் கிடைக்குமா?"

தங்கை அவரைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணாடியில் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"கிடைக்கும்" என்றாள்.